நின்றுகொண்டே மணிக்கு 100 கி.மீ.: எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் ரேஸ் விளையாட்டாக நிலைக்குமா?

மின்வேகன்:

எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் ரேஸ் என்று தலைப்பு வைத்தால் பலருக்கும் ஓலா, ஏத்தர், ஐக்யூப்தான் ஞாபகம் வரும். இந்த இழை நின்றுகொண்டு ஓட்டும் ஸ்கூட்டரைப் பற்றியது. ஒரு பலகை, முன்னால் கைப்பிடித் தண்டு, இரண்டு குட்டிச் சக்கரம். ஐரோப்பிய ஊர்களில் மெட்ரோ ஸ்டேஷன் வரை வாடகைக்கு எடுத்துப் போகிறார்களே, அதன் பந்தய வடிவம்.

2022 மே மாதம் லண்டன் பிரின்ட்வொர்க்ஸில் ஈஸ்கூட்டர் சாம்பியன்ஷிப்பின் முதல் சுற்று நடந்தது. முன்பு செய்தித்தாள் அச்சடித்த பெரிய ஆலை அது. பார்முலா ஈ எனும் எலெக்ட்ரிக் கார் பந்தயத்தின் முன்னாள் சாம்பியன் லூகாஸ் டி கிராஸியும், லே மான்ஸ் 24 மணி நேர கார் பந்தயத்தை இரண்டு முறை வென்ற அலெக்ஸ் வூர்ஸும் இந்த முயற்சிக்குப் பின்னால் இருந்தார்கள். சர்வதேச மோட்டார்சைக்கிள் கூட்டமைப்பான எஃப்ஐஎம்மும் சேர்ந்துகொண்டது. ஓட்டுகிற எல்லோருக்கும் ஒரே வண்டி, பெயர் எஸ்1-எக்ஸ். கார்பன் ஃபைபர் சட்டகம், சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு மோட்டார், ஒவ்வொன்றும் 6 கிலோவாட். வேகம் 100 கி.மீ.யைத் தாண்டும். ஆணும் பெண்ணும் ஒரே களத்தில்.

அந்த ஒரு சீசனோடு சரி. 2023-இல் நடக்கவே இல்லை.

இதை ஒரு வேடிக்கைக் காட்சி என்று ஒதுக்கிவிடலாமா, அல்லது இதற்குள் உண்மையான விளையாட்டு இருக்கிறதா? என் கட்சி இரண்டாவது. விளையாட்டு நன்றாகத்தான் இருந்தது. அதைக் கூரையிலிருந்து கட்டத் தொடங்கியதுதான் பிரச்சினை. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

சோழவரம் ரசிகர்:

தம்பி, சென்னைப் பக்கத்துச் சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலத்திலிருந்து பார்த்து வருகிறேன். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் தடம் 1990-இல் வந்தபோதும் போனேன். அதனால் மனதில் பட்டதை அப்படியே சொல்கிறேன்.

மோட்டார் பந்தயத்தில் பாதி வேலை பிட்டில், அதாவது தடத்தோரம் வண்டியைச் சரிசெய்யும் இடத்தில், நடக்கும். கார்புரேட்டர் ஜெட் எது, பின் சக்கரப் பல்சக்கரம் எத்தனை பல், ஷாக் எவ்வளவு இறுக்கம் என்று ஒரு மெக்கானிக் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பான். ஓட்டுபவனின் வெற்றியில் அவனுக்கும் பங்கு உண்டு. எல்லோருக்கும் ஒரே பெட்டியைக் கொடுத்து ‘போ’ என்றால் அந்த மெக்கானிக் எங்கே போவான்?

இன்னொன்று. இந்த மாதிரிப் போட்டிகள் வாடகை ஸ்கூட்டர் கம்பெனிகளின் பண அலையில் மிதந்து வந்தவை என்பது என் எண்ணம். அந்த அலை வடிந்துவிட்டது. பாரிஸில் 2023 ஏப்ரலில் வாக்கெடுப்பு வைத்தார்கள். வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான், ஆனால் வந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் வாடகை ஸ்கூட்டர் வேண்டாம் என்றார்கள். செப்டம்பரில் எடுத்துவிட்டார்கள். அந்த வருட டிசம்பரில் அமெரிக்காவின் பேர்ட் கம்பெனி திவால் மனு போட்டது. வியாபாரம் போனால் விளையாட்டும் போகும் என்றால் அதை விளையாட்டு என்று எப்படிச் சொல்வது?

ஓசூர் செல்:

சார், மெக்கானிக் வேலை குறையவில்லை, இடம் மாறியிருக்கிறது. நான் பேட்டரி பேக் வேலையில் இருப்பவன். எனக்கு இந்த எஸ்1-எக்ஸ் ஏன் இவ்வளவு பிடிக்கும் என்று கணக்கோடு சொல்கிறேன்.

அதன் பேட்டரி 1.33 கிலோவாட் மணி. இரண்டு மோட்டாரும் முழு மூச்சில் ஓடினால் 12 கிலோவாட் இழுக்கும். வகுத்துப் பாருங்கள், ஆறரை நிமிடத்தில் காலி. பேட்டரிக்காரர்கள் பேச்சில் இது 9C டிஸ்சார்ஜ், அதாவது ஒரு மணி நேரத்தில் காலியாகும் வேகத்தைப்போல் ஒன்பது மடங்கு. ஏத்தர் 450எக்ஸில் 3.7 கிலோவாட் மணி பேட்டரியிலிருந்து உச்சமாக 6.4 கிலோவாட் எடுக்கிறார்கள். அது 2C கூட இல்லை. செல்லுக்குள் பிறக்கும் சூடு கரன்ட்டின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும்; கரன்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. அப்படியானால் இந்தச் சின்னப் பெட்டிக்குள் என்ன கொதிப்பு என்று யோசித்துக்கொள்ளுங்கள். அதைத் தயாரித்துக் கொடுத்தது வில்லியம்ஸ் அட்வான்ஸ்டு இன்ஜினியரிங். பார்முலா ஈயின் முதல் கார்களுக்கு பேட்டரி செய்த அதே இடம்.

ஓட்டுபவருக்கும் இதில் வேலை இருக்கிறது. நேர்ப்பாதையில் எவ்வளவு நேரம் முழுசாகப் பிடிப்பது, எங்கே விடுவது என்பது அவர் கட்டைவிரலில் இருக்கிறது. சூடானால் பேட்டரியை நிர்வகிக்கும் எலெக்ட்ரானிக்ஸ் தானாகவே கரன்ட்டைக் குறைக்கும். கடைசி இரண்டு சுற்றில் முந்த வேண்டியவர் முதல் மூன்று சுற்றில் பேராசைப்படக் கூடாது.

முன் சக்கரத்திலும் மோட்டார் இருப்பது இன்னொரு விஷயம். ஒரு டயருக்கு இவ்வளவு பிடிதான் என்று ஓர் அளவு உண்டு. அதைத் திருப்பத்துக்கும் செலவழிக்க வேண்டும், இழுவைக்கும் செலவழிக்க வேண்டும். வளைவின் நடுவில் அவசரப்பட்டுத் திராட்டிலைக் கொடுத்தால் முன் சக்கரம் பிடி விட்டு வழுக்கிப் போகும். பைக் ஓட்டியவர்களுக்கு இது முற்றிலும் புதிய பாடம். பைக்கில் திராட்டில் கொடுத்தால் முன்பக்க பாரம் குறைந்து பின்பக்கம்தான் வழுக்கும்.

கரி கார்னர்:

கோவைக்காரன் நான், செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயில் சின்ன பைக் ஓட்டுகிறேன். ஓசூர் செல் சொன்னதற்கு மேல் ஒன்று சேர்க்கிறேன்: பிரேக்.

நேராக நின்றுகொண்டிருக்கும் மனிதனின் எடை மையம் தரையிலிருந்து கிட்டத்தட்ட ஒரு மீட்டரில் இருக்கும். முன் அச்சுக்கும் அதற்கும் இடையே அரை மீட்டர் என்று வையுங்கள். அப்படியானால் புவியீர்ப்பில் பாதி அளவுக்கு மேல் பிரேக் பிடித்தால் பின் சக்கரம் எழும்பி ஆளைத் தலைகுப்புறக் கவிழ்த்துவிடும். அந்தக் கணக்கில் 100-லிருந்து நிற்க 80 மீட்டர் வேண்டும். அதே ஆள் குந்தி, இடுப்பைப் பின்னால் தள்ளி, மையத்தை 70 சென்டிமீட்டருக்கு இறக்கி 20 சென்டிமீட்டர் பின்னால் கொண்டுபோனால் ஒரு ‘ஜி’ வரை, அதாவது முழு புவியீர்ப்பு அளவு வரை பிடிக்கலாம். 40 மீட்டரில் நிற்பார்.

வண்டி அதே வண்டி, டயர் அதே டயர். உடம்பை எங்கே வைத்தார் என்பதில் மட்டும் 40 மீட்டர் வித்தியாசம். மோட்டார்சைக்கிளில் இப்படி இல்லை. 160 கிலோ வண்டியில் 65 கிலோ ஆள் எவ்வளவுதான் நகர்ந்தாலும் ஓரளவுதான் மாறும். எஸ்1-எக்ஸ் 40 கிலோ சுமார். ஓட்டுபவர் வண்டியைவிட கனமானவர். மொத்தப் பொருளில் பெரும்பகுதி அவர் உடம்பு. சோழவரம் ஐயா கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான்: மெக்கானிக் கையில் இருந்த பாதி, ஓட்டுபவரின் தொடைக்கும் இடுப்புக்கும் வந்துவிட்டது.

பிசியோ கோவை:

அந்தத் தொடை விஷயத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். ரேஸ் வீடியோக்களை வேகம் குறைத்துப் பார்த்தேன். ஒரு கால் முன்னால், ஒரு கால் பின்னால், இரண்டு முழங்காலும் மடங்கிய நிலையிலேயே முழு ஓட்டமும் முடிகிறது. உட்கார இடமில்லை. பிரேக்கில் முன் தொடை தாங்குகிறது, ஆக்ஸிலரேஷனில் பின் கால் உதைக்கிறது, வளைவில் உள்பக்கம் சாய்ந்து முழங்கால் தரையைத் தேடுகிறது. சில நிமிட ஓட்டம்தான் என்றாலும் தொடை எரியும்.

என்னை அதிகம் கவர்ந்தது இடது வலது வித்தியாசம். வலது கால் பின்னால் வைப்பவருக்கு ஒரு பக்க வளைவில் இடுப்பு எளிதாகத் திறக்கும், மறுபக்க வளைவில் முட்டும். ஸ்கேட்போர்டு, ஸ்னோபோர்டு ஆட்களுக்கு இது பிறவிப் பழக்கம் மாதிரி. அதனால்தான் 2018 குளிர்கால ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற ஸ்னோபோர்டு வீரர் பில்லி மார்கனும், ஐஸ் ஸ்கேட்டிங் வேக வீராங்கனை எலைஸ் கிறிஸ்டியும் இதற்குள் வந்தபோது எனக்கு ஆச்சரியமே இல்லை. குறுந்தட ஸ்கேட்டிங் என்பதே சாய்ந்த நிலையில், மடங்கிய முழங்காலில், பக்கத்து ஆளோடு தோள் உரசப் போவதுதானே.

ஒரு குறை சொல்ல வேண்டும். எல்லோரும் ஒன்றாக ஓடுவது அழகு, ஆனால் எடையைச் சரி செய்தாக வேண்டும். 55 கிலோ ஆள் ஏறினால் மொத்தம் 95. 80 கிலோ ஆள் ஏறினால் 120. அதே 12 கிலோவாட். 25 சதவீதத்துக்கு மேல் சாதகம். சின்ன பைக்குகளின் உலகப் பந்தயமான மோட்டோ3-இல் வண்டியும் ஆளும் சேர்த்து 152 கிலோ குறையக் கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். அந்த வகை விதி இங்கே இன்னும் அவசியம்.

பேர்ண் தயா:

வணக்கம். நான் சுவிஸில் இருக்கிறேன். சியோனில் நடந்த றேஸை நேரில் பார்த்தனான், 2022 மே கடைசியில. லண்டனுக்கு அடுத்த சுற்று அது. வலே மாநிலத்தின் தலைநகர், றோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில இரண்டு குன்று, ஒன்றில கோட்டை, மற்றதில தேவாலயம். அந்த நகரத்துத் தெருக்களையே அடைச்சுத் தடம் போட்டிருந்தவை.

டிவியில பார்க்கேக்க விளங்காத ஒரு விஷயத்தைச் சொல்லுறன். சத்தம் இல்லை என்று எல்லாரும் சொல்லுவினம். சத்தம் இருக்கு. மோட்டாரின் கீச்சுக் குரல் ஒன்று, அதுக்கு மேலால சின்ன ரயர் தாரில உராயிற சத்தம். ஒருத்தர் பிரேக்கைத் தாமதமாப் பிடிச்சா அந்த உராய்வு வேற மாதிரிக் கேக்கும். கம்பிக்குப் பக்கத்தில நிண்ட ஒரு பெடியன் கண்ணை மூடிக்கொண்டு ஆர் முதல்ல வளைவுக்குள்ள போறது என்று காதால பிடிச்சுச் சொல்லிக்கொண்டிருந்தான். பெற்றோல் றேஸில என்ஜின் எல்லாத்தையும் மூடிப் போடும். இங்க றயிடர் கத்துறதும் கேக்கும்.

நெருக்கமும் அப்படித்தான். சின்னத் தடம், அகலம் குறைவு. முந்துறவர் உள்பக்கம் கையை நுழைக்கிற மாதிரித்தான் முந்தவேணும். ஒரு வளைவில நிண்டாலே மூன்று நாலு இடமாற்றம் பார்க்கலாம். என்ர மகள் அதுக்கு முன்னம் ஒரு றேஸும் இருந்து பார்த்ததில்லை, அண்டைக்கு எழும்பி வர மறுத்திட்டாள்.

சோழவரம் ரசிகர்:

தயா தம்பி எழுதியதை இரண்டு முறை படித்தேன். நன்றாக இருந்தது. கரி கார்னர் போட்ட பிரேக் கணக்கும் சரியாகவே படுகிறது. உடம்பின் திறமையை இனி மறுக்க மாட்டேன். ஆனால் நிலைக்குமா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. எலெக்ட்ரிக் பைக்குகளின் உலகப் பந்தயமான மோட்டோஈயையே பாருங்களேன். டுகாட்டி வண்டி, பெட்ரோல் பைக்குகளின் உச்சப் பந்தயமான மோட்டோஜிபி வார இறுதியிலேயே இடம், எல்லாம் இருந்தும் 2025-உடன் நிறுத்திவிட்டார்கள்.

மின்வேகன்:

ஐயா, மோட்டோஈ நல்ல உதாரணம். 2019 மார்ச்சில் ஸ்பெயினின் ஹெரெஸ் தடத்தில் சோதனை ஓட்டத்தின்போது தீப்பிடித்து, கூடாரமும் அத்தனை பைக்குகளும் சாம்பலாயின. ஆனாலும் அந்த ஜூலையிலேயே ஜெர்மனியில் முதல் ரேஸை நடத்திவிட்டார்கள். 2023-இல் டுகாட்டி வி21எல் வந்தது. 110 கிலோவாட், 18 கிலோவாட் மணி பேட்டரி, 225 கிலோ. ஏழு சீசன் ஓடியது. மாட்டியோ ஃபெராரி, ஜோர்டி டோரஸ், டொமினிக் ஏகர்ட்டர் என்று நல்ல சாம்பியன்கள் வந்தார்கள்.

அப்புறம் ஏன் நின்றது? என் பார்வையில், அதே வார இறுதியில், அதே தடத்தில் பக்கத்திலேயே மோட்டோஜிபி ஓடியது. பார்ப்பவர் மனம் தானாகவே ஒப்பிடும். 225 கிலோ பைக் ஏழெட்டுச் சுற்றில் முடிந்துவிட்டால் ‘பெட்ரோல் பைக்கில் பாதி’ என்றுதான் தோன்றும். நின்று ஓட்டும் ஸ்கூட்டருக்கு அந்தச் சாபம் இல்லை. அதே தடத்தில் பக்கத்தில் ஓடும் பெட்ரோல் அண்ணன் அதற்குக் கிடையாது. மின்சாரம் இல்லாமல் இப்படி ஒரு பந்தய வண்டி பிறந்திருக்காது. 40 கிலோவில் 12 கிலோவாட்டை பெட்ரோல் எஞ்சினில் எடுத்து, கியர்பாக்ஸும் போட்டு, காலடியில் ஒளித்து வைக்க முடியாது. இது தனக்கே உரிய விளையாட்டு.

செலவு பெரும்பாலும் எங்கே போனது என்றால் நகர மையத்தில் தடம் அமைப்பது, நேரலை, சுற்றுலா மாதிரி நாடு நாடாகப் போவது. முப்பது பேர் ஓட்டினார்கள். அந்த முப்பதுக்குக் கீழே முந்நூறு பேர் உள்ளூரில் ஓட்டிக்கொண்டிருக்க வேண்டும் அல்லவா? மோட்டார்சைக்கிள் பந்தயத்துக்கு அந்த அடித்தளம் நூறு வருடமாக இருக்கிறது. இங்கே இல்லை. பிரிட்டனில் சொந்த ஸ்கூட்டரைப் பொதுச் சாலையில் ஓட்டுவதே சட்டவிரோதம். அங்கே போய் உலகச் சாம்பியன்ஷிப்பைத் தொடங்கினால், பார்த்த பையன் மறுநாள் எங்கே பழகுவான்?

கரி கார்னர்:

நம்ம ஊர் இணைப்பு ஒன்று. ஹுப்பள்ளிக்காரர் அனீஷ் ஷெட்டி, தேசிய மோட்டார்சைக்கிள் பந்தயங்களில் ஓட்டுபவர், அந்த 2022 சாம்பியன்ஷிப்பில் ஓட்டினார். நம் தடங்களில் பழகிய ஆள்தான். அவரை அந்தத் தட்டையான பலகையில் பார்த்தபோது பெருமையாக இருந்தது.

எலெக்ட்ரிக் ரேஸுக்கு இங்கே ஆள் இல்லை என்றும் சொல்ல முடியாது. இருங்காட்டுக்கோட்டையில் 2023-இல் டிவிஎஸ் அப்பாச்சி ஆர்டிஇ வண்டிகளுக்கென்றே தனி ரேஸ் நடத்தினார்கள். பைக் பந்தயத்துக்குப் பேர்போன ஐல் ஆஃப் மேன் தீவில் 2009-இல் முதல் எலெக்ட்ரிக் பைக் ரேஸ் நடந்தபோது ஜெயித்தது அக்னி அணி. அந்த அக்னி மோட்டார்ஸுக்கு வேர் குஜராத்தில். ராப் பார்பர் ஓட்டினார், சுற்றுக்கு சராசரி மணிக்கு 87 மைல். இதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

நெல்லை டெக்:

சட்டம் பற்றி: இங்கே 250 வாட்டுக்கும் 25 கி.மீ. வேகத்துக்கும் உட்பட்டால் பதிவு வேண்டாம். அதற்கு மேல் போனால் பதிவு இல்லாமல் ரோட்டில் ஓட்ட முடியாது. எனவே வேக ஸ்கூட்டரை யாரும் பைபாஸில் சோதித்துப் பார்க்காதீர்கள். மூடிய தடம் மட்டுமே.

பிசியோ கோவை:

தடம் என்றதும் ஒரு எச்சரிக்கை. கார்ட்டிங் தடத்து ஓரக்கட்டைகள் கார்ட்டுக்காகப் போட்டவை. பத்துப் பன்னிரண்டு அங்குலக் குட்டிப் பைக் சக்கரம்கூட அதைத் தாங்கும். கையகல ஸ்கூட்டர் சக்கரம் மூன்று சென்டிமீட்டர் மேட்டில் மோதினால் அது மேடில்லை, சுவர். தோள்பட்டை எலும்பும் மணிக்கட்டும்தான் முதலில் போகும். கணுக்காலையும் மறக்காதீர்கள், விழும்போது வண்டி சுழன்று வந்து அங்கேதான் அடிக்கும். மோட்டோகிராஸ் பூட் போட்டால் பாதம் வளையாது, சாதாரண ஷூ போட்டால் கணுக்கால் போச்சு. ரோட் ரேஸ் பூட்தான் இடைவழி.

முழு முகம் மூடும் ஹெல்மெட், ஒற்றைத் துண்டு லெதர் சூட், முதுகுக் காப்பு. இதில் பேரமே கூடாது.

ஓசூர் செல்:

என் பங்குக்கு பேட்டரி விதிகள். வீட்டில் செல் அடுக்கிக் கட்டிய பேக்குக்குத் தடத்தில் அனுமதி தரவே கூடாது. ஓர் ஓட்டத்துக்கும் அடுத்த ஓட்டத்துக்கும் இடையில் பேக்கின் வெளிச்சூட்டை அகச்சிவப்பு தெர்மாமீட்டரில் பார்த்து எழுத வேண்டும். சூடாக இருக்கும்போது சார்ஜ் போடக் கூடாது. லித்தியம் தீக்குப் பவுடர் அடித்தால் ஜுவாலை அடங்கின மாதிரித் தெரியும், உள்ளே செல்கள் ஒன்றையொன்று பற்றவைத்துக்கொண்டே இருக்கும். சூட்டை இறக்க தண்ணீர் வேண்டும், நிறைய வேண்டும். தடத்தின் பக்கத்தில் தண்ணீர் நிரம்பிய பெரிய தொட்டி, வண்டியை இழுத்துப் போட நீளக் கொக்கி. கூரைக்குக் கீழே சார்ஜிங் வேண்டாம், திறந்தவெளியில் வண்டிக்கு வண்டி இரண்டு மீட்டர் இடைவெளி. ஹெரெஸில் நடந்தது நமக்கும் பாடம்தான்.

சோழவரம் ரசிகர்:

இப்போது பேச்சு சரியான இடத்துக்கு வந்திருக்கிறது. ஒரு யோசனை சொல்கிறேன். முதலிலேயே 100 கி.மீ. வண்டி வேண்டாம். கடையில் கிடைக்கிற வண்டி, வேகத்தை 45-இல் பூட்டி, எல்லோருக்கும் ஒரே டயர். பேட்டரிப் பெட்டிக்கு முத்திரை. ஆனால் பிரேக், கைப்பிடி உயரம், கால் வைக்கும் பலகையின் பிடி, சஸ்பென்ஷன் எல்லாம் அவரவர் இஷ்டம். மெக்கானிக் பையன்களுக்கும் வேலை கிடைக்கும், செலவும் எகிறாது. சோழவரத்தில் நாங்கள் பார்த்த வண்டிகளில் பலவும் வாரநாளில் ஆபீஸ் போன வண்டிகள்தான்.

மின்வேகன்:

ஐயா, இதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். எடை விதியையும் சேர்ப்போம்: ஆளும் வண்டியும் உடையும் சேர்த்து குறைந்தது 115 கிலோ, குறைந்தால் பலகைக்கு அடியில் ஈயத்தகடு. ஓரக்கட்டை இருக்கும் வளைவுகளில் கட்டைக்கு ஒரு மீட்டர் உள்ளே கூம்பு வைத்துத் தடத்தைச் சுருக்கலாம்.

ஒரு கார்ட்டிங் தடத்தில் பேசிப் பார்த்தேன். வாரநாள் காலை, கார்ட்டுகள் இறங்கும் முன் இரண்டு மணி நேரம் தர யோசிக்கிறார்கள். காப்பீட்டுக் காகிதம் கேட்கிறார்கள், ஆம்புலன்ஸ் நம் பொறுப்பு. கார்ட் டயர் விட்டுப்போகும் ரப்பர் துணுக்குகளைக் கூட்டிப் பெருக்கவும் ஆள் வேண்டும், குட்டிச் சக்கரத்துக்கு அது கோலிக்குண்டு மாதிரி.

கரி கார்னர்:

காப்பீடு பற்றிய வேலையை நான் பார்க்கிறேன். ரேஸ் என்று போட்டால் இந்திய மோட்டார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐயின் அனுமதி, லைசென்ஸ் எல்லாம் வரும். முதல் இரண்டு மூன்று தடவை பயிற்சி நாள் என்றே வைப்போம். நேரம் மட்டும் எடுப்போம், ஒன்றாக இறங்க வேண்டாம். வண்டியில் மாட்டிச் சுற்று நேரம் எடுக்கும் டிரான்ஸ்பாண்டர் என்னிடம் நான்கு இருக்கிறது.

பேர்ண் தயா:

டிசம்பரில ஊருக்கு வாற வழியில சென்னையில ஒரு கிழமை நிப்பன். என்ர சூட், ஹெல்மெட், பூட் மூன்றையும் கொண்டு வாறன். உயரம் 170 சென்டிமீட்டர் அளவான ஆருக்கும் பொருந்தும். நாள் முடிவானா இங்கேயே எழுதிப் போடுங்கோ, மகளையும் கூட்டிக்கொண்டு வாறன்.

ஓசூர் செல்:

தண்ணீர்த் தொட்டியும் தெர்மாமீட்டரும் என் பொறுப்பு. வண்டி கொண்டுவருபவர்கள் பேட்டரியின் வோல்டேஜ், ஆம்பியர்-அவர், எந்தக் கம்பெனி செல் என்ற மூன்றையும் முன்கூட்டியே எனக்குத் தனிமடலில் அனுப்பிவிடுங்கள். பார்க்காத பேக்கைத் தடத்தில் இறக்க விடமாட்டேன்.